மசக்கைக்கு வந்த டப்பா

அவளுக்கு 'அவசரம்' என்று பேர் வைத்தது ஷூ பட்டறை மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சோலுக்கும் மேல்தோலுக்கும் சொல்யூஷனைத் தடவி, அது காய்வதற்குள் இரண்டையும் சேர்த்து வைத்து அமுக்கிவிட்டாள். சாயங்காலம் மேஸ்திரி அதைக் கையில் எடுத்து லேசாக இழுத்தார். ஷூ வாயைப் பிளந்துகொண்டது. "என்னம்மா அவசரம்? பஸ்ஸப் பிடிக்கணுமா?" என்றார். ரூமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் அவசரம்தான். கல்யாணப் பத்திரிகையில் அசல் பேரைப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டவர்கள் உண்டு.

சொல்யூஷன் என்றால் பசை. வேறொன்றுமில்லை. பெரிய டின்னில் வரும், மூடியைத் திறந்தால் கண் கரிக்கும். இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தடவிவிட்டு, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வருகிறபோதுதான் சேர்க்க வேண்டும். அது காய்கிற நேரத்தில் காற்று ஆடக் கூடாது. காற்று வந்தால் தூசி வரும். தூசி உட்கார்ந்தால் சோல் பிடிக்காது. சோல் பிடிக்கவில்லை என்றால் வாங்கினவன் வாசலில் வந்து நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பான். அதனால் ஒட்டுகிற ரூமில் ஜன்னல் எந்நேரமும் சாத்தியே இருக்கும். மின்விசிறி இல்லாமல் இல்லை, இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அதன் சுவிட்சில் கை வைத்தவர் தொலைந்தார்.

அந்த ரூமுக்கு ஒரு விசேஷம் உண்டு. சாப்பாட்டு வேளை முடிந்து எல்லோரும் மறுபடி உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் யாராவது ஒருத்தி களுக்கென்று சிரிப்பாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அடுத்தவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். அப்புறம் என்ன, பிரஷ் கீழே விழுந்தால் சிரிப்பு, யாராவது தும்மினால் சிரிப்பு, மேஸ்திரியின் மூக்குக்கண்ணாடி நழுவினால் அதற்கொரு சிரிப்பு, மேஸ்திரியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். 'மத்தியானச் சிரிப்பு' என்று அதற்குப் பேரே இருந்தது. தையல் ரூமிலும் வெட்டுகிற ரூமிலும் இருந்தவர்கள் பொறாமைப்பட்டுச் சாவார்கள். "உங்களுக்கென்னப்பா, கும்மாளம் போட்டுக்கிட்டே வேலை பாக்கறீங்க" என்பார்கள். அது ஏன் அந்த ஒரு ரூமில் மட்டும் என்று ஒருத்தராவது யோசித்தார்களா? யோசித்தால்தானே!

அவசரத்துக்கு அந்த ரூம் சொர்க்கம். அவள் பிறந்த வீட்டின் கதை அப்படி. அவள் அப்பாவும் அம்மாவும் ஏதோ ஒரு சண்டையில் பேச்சை நிறுத்தியவர்கள், திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, "உப்பு பத்தலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு", "வாயில வச்சா பத்தும்னு உங்கப்பாகிட்டச் சொல்லு" என்று இவளைத் தூது விட்டே காலத்தை ஓட்டினார்கள். இரண்டு பேரும் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், கூத்துதான். அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு, காரணமே இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து சிரிக்கிற ஒரு ரூம் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு முகம் வாடிப்போகும். தலையை வலிக்கும். திங்கட்கிழமை காலையில் பட்டறைப் படியேறும்போதே வலி பாதி போய்விடும். "எனக்கு வீட்டை விட இங்கதான் ராசி" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

பட்டறையில் ஷூ பெட்டிகளை ஏற்ற வருகிற வேன் டிரைவர்தான் அவளைக் கட்டிக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுவார். அவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. மாடியில் இவர்கள். கீழே அவருடைய அக்கா. அக்கா தையல்காரி, கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டேதான் சாப்பிடுவாள், தூங்கும்போது கழற்றுவாளா என்பது சந்தேகம். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம். பிள்ளை இல்லை. தம்பி பெண்டாட்டியை அவள் தாங்கின தாங்கு, பெற்ற தாயே தாங்க மாட்டாள். அவசரமும் "அண்ணி, அண்ணி" என்று அவள் பின்னாலேயே சுற்றுவாள்.

வயிற்றில் இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாசம் தாண்டியதும் கலைந்தது. முதல் தடவை "உடம்பு வாகு" என்றார்கள். இரண்டாம் தடவை "மாடிப்படி ஏறி இறங்கினதுதான்" என்றார்கள். அவசரம் வெளியே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தெருவில் எவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தப் பிள்ளை மூலை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வையை அண்ணி தையல் மெஷினிலிருந்து பார்ப்பாள். அவளுக்குத் தெரியாத பார்வையா அது!

மூன்றாவது தங்கியபோது அண்ணி உத்தரவே போட்டுவிட்டாள். "இந்தத் தடவை நீ பட்டறைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. கீழயே என் ரூம்ல இரு. ஒரு துரும்பைக் கிள்ளிப் போட வேணாம்."

ஆஸ்பத்திரியிலும் போய்ப் பதிவு செய்தாயிற்று. டாக்டரம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடிக்கிற பழக்கம் உண்டா? புகை? புகையிலை? அவசரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க டாக்டர், எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றாள். என்ன வேலை என்று கேட்டார்கள். ஷூ கம்பெனி என்றாள். "கனமா எதையும் தூக்காதே" என்றார் நர்ஸம்மா. அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எதையும் மறைக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்த இரண்டாம் நாளே அவளுக்கு ஆரம்பித்தது. தலை பிளந்தது. கை லேசாக நடுங்கியது. தூக்கம் கிட்டவே வரவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். தட்டில் சாப்பாட்டை வைத்தால் அழுதாள், எடுத்தால் அதற்கும் அழுதாள். புருஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மாசமா இருந்தா அப்படித்தான்டா, நீ போய் வேன எடு" என்று அண்ணி அவரைத் துரத்தினாள். அவசரமும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மத்தியானம் ஆனால் போதும், மனசு அந்த ரூமுக்குப் போய்விடும். இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைப்பாள். ஏக்கம் என்றால் அப்படியொரு ஏக்கம், பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவள் மாதிரி.

"வாய் விட்டுக் கேளுடி தங்கம். என்ன வேணும் உனக்கு? எது திங்கணும் போல இருக்கு?" என்று ஒரு நாள் அண்ணி தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

அவள் மென்று முழுங்கினாள். அப்புறம் சொன்னாள். "திங்க ஒண்ணும் வேணாம் அண்ணி. அந்த சொல்யூஷன் வாசம்... ஒரு தடவை மோந்தா நல்லா இருக்கும் போல இருக்கு."

அண்ணி கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "அட, இதுக்கா இத்தனை நாள் அழுதே? ஒருத்தி சாம்பல் திம்பா, ஒருத்தி சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டுவா, என் தம்பி பொண்டாட்டிக்கு ஷூ வாசமா! கேட்டா குடுத்துட்டுப் போறோம்!" அப்புறம் அவள் முகம் மாறியது. "மசக்கைல கேட்டதக் குடுக்காம இருக்கக் கூடாதும்மா. அது பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலமே புருஷன் மேஸ்திரியிடம் போய் நின்றார். மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியை இறுக்கி, "எங்க அவசரத்துக்கு நாங்க குடுத்ததா சொல்லுங்க. புள்ள பொறந்ததும் மொத ஷூ நம்ம பட்டறை ஷூதான்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். ஒருத்தர் முகத்திலும் ஒரு துளி கள்ளம் இல்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தது அண்ணிதான். அவசரம் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் போனது. வீட்டில் உட்கார்ந்த பிறகு முதல் முறையாக அவள் சிரித்தாள். புருஷன் கதவோரம் நின்று அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனந்தக் கண்ணீர். அதற்கப்புறம் தினமும் நடந்தது. சாப்பிட்டதும் அண்ணி டப்பாவைக் கொண்டுவருவாள், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலப் பக்கத்தில் உட்கார்ந்து, "போதுமா? இன்னும் கொஞ்சமா?" என்பாள். டப்பா தீர்ந்தால் புருஷன் நிரப்பிக்கொண்டு வருவார்.

ஆனால் மோந்து பார்க்கிற அளவு சீக்கிரமே பத்தாமல் போயிற்று. அண்ணி மெஷினில் உட்காரும் நேரம் பார்த்து அவசரம் ஒரு துணியில் ஊற்றி, அதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவருக்குள் முகத்தை வைத்து இழுக்கப் பழகினாள். துணியை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வெறும் ஆசை என்றால் ஒளிப்பானேன்? அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் வந்தது. வந்த கேள்வியைக் கவருக்குள்ளேயே தள்ளி மூடிவிட்டாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா வயிற்றை அளந்துவிட்டு மறுபடி அளந்தார். "மாசத்துக்கு ஏத்த வளர்த்தி இல்லையே" என்று சொல்லி, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது இருந்தால் அதிகம். வயிறு நன்றாகவே தெரிந்தது. அவளைப் பெற்றவள் கூட உட்காராமல் தூணோரம் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு விழுந்து அடிபட்டு வந்த பெண் அது என்று பெஞ்சு முழுக்கத் தெரிந்திருந்தது. பெஞ்சுக்கு எப்படித்தான் தெரியுமோ! ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள். "வயித்துல ஒரு உசுர வச்சுக்கிட்டு எப்படிடி மனசு வருது இதுகளுக்கு?" என்றாள் அண்ணி, அந்தப் பெண்ணின் காதில் விழுகிற மாதிரியே. சொல்லிவிட்டு மாத்திரை வாங்க வரிசைக்குப் போனாள்.

அண்ணி போனதும் அந்தப் பெண் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, நீங்க எதுல ஊத்தி இழுக்கறீங்க? துணியா, கவரா?"

அவசரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ச்சீ! என்ன பேச்சு இது? நான் ஷூ பட்டறைல வேலை பாக்கறவ."

"இப்பவும் வேலைக்குப் போறீங்களா?"

அவசரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க செட்டுல ரெண்டு பேரு அதான் இழுப்பாங்க. உங்க மேல அந்த வாசம் அடிக்குது, அதான் கண்டுபிடிச்சேன்" என்றாள் அந்தப் பெண், ஏதோ ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி.

"எனக்கு அது மசக்கை. வீட்டுல தெரியும். எங்கண்ணிதான் எடுத்துக் குடுப்பாங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடேயப்பா! எனக்கும் பீர் மசக்கைன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிப் பாக்கறேன். தோலை உரிச்சிடும்." சிரித்து முடித்ததும் சத்தத்தைத் தணித்துக்கொண்டாள். "வயித்துல இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாதுக்கா. தெரிஞ்ச அன்னைக்கி பயத்துல இன்னும் ரெண்டு மடங்கு குடிச்சேன். டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? நான் ஒரு வாய் குடிச்சா உள்ள அதுவும் ஒரு வாய் குடிக்குதாம். வேணாம்னு சொல்ல அதுக்கு வழியில்லையாம். அதுலருந்து என் கையில பாட்டிலப் பாத்தா எங்கம்மா பிடுங்கி எறியுது. செருப்பாலயே அடிக்குது. உங்களுக்கு யாருமே பிடுங்கலையா?"

அவசரம் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தாள். தூணோரம் நின்றவளின் கண் வீங்கியிருந்தது.

கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். டாக்டரம்மா தாளைப் பார்த்தபடியே, "குடி, புகை எதுவும் இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் சொல்லிவிட்டாள். டப்பாவைச் சொன்னாள், துணியைச் சொன்னாள், கவரைச் சொன்னாள். சாத்தின ஜன்னலையும் மத்தியானச் சிரிப்பையும், வீட்டில் உட்கார்ந்ததும் வந்த தலைவலியையும் நடுக்கத்தையும் கூடச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"அது வெறும் வாசம் இல்லைம்மா. போதை. இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் அதுலதான் உக்காந்து வேலை பாத்திருக்கீங்க. தலைவலி, நடுக்கம், தூக்கமில்லாதது, எல்லாம் அது கிடைக்காததால வந்தது. புள்ளைக்கும் நேரா போகும். வளர்த்தி குறையும், மாசம் முந்திப் பொறக்கும், மூளையையும் பாதிக்கலாம். இன்னைக்கே நிறுத்தணும்."

"அப்ப... முன்னாடி போன ரெண்டும்?"

டாக்டரம்மா தாளைத் திருப்பி வைத்தார். "சொல்ல முடியாதும்மா. அதனால இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி ஒரேயடியாகக் குதித்தாள். "அவங்களுக்கு என்னடி தெரியும்? மசக்கைன்னா என்னன்னு புஸ்தகத்துல போட்டிருக்கா? கேட்டதக் குடுக்கலேன்னா என்னாகும்னு எனக்குத் தெரியும்டி! எனக்குத் தெரியும்!"

அப்போதுதான் அது வெளியே வந்தது. அண்ணிக்கும் ஒரு முறை தங்கியிருந்தது. அப்போது அவளுக்கு ஐஸ் கட்டி மேல் ஆசை, வாயில் போட்டுக் கடித்து நொறுக்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி. சளி பிடிக்கும் என்று மாமியார் கொடுக்கவே இல்லை. புருஷன் அம்மா பேச்சை மீறவில்லை. அது கலைந்தது, அப்புறம் தங்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஒரு துண்டு ஐஸ் கட்டிதான் தன் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளை போய்விடும் என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? அதற்கு ஐஸ் கட்டியே மேல்.

அவசரம் மெத்தைக்கு அடியிலிருந்து துணியையும் கவரையும் எடுத்தாள். அண்ணி அதை அன்றுதான் பார்க்கிறாள். அவசரம் டப்பாவைத் திறந்து, துணியில் ஊற்றி, கவருக்குள் போட்டு நீட்டினாள். அவளே மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினாள். "இதுதான் நான் இழுக்கறது. ஒரே ஒரு தடவை நீங்க இழுத்துப் பாருங்க அண்ணி. அப்புறமும் மசக்கைதான்னு சொன்னீங்கன்னா, நான் வாயத் தொறக்கல."

அண்ணி வீம்புக்காரி. வாங்கி, முகத்தை உள்ளே வைத்து, நன்றாகவே இழுத்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. "என்னடி, ஒண்ணுமே..." என்று ஆரம்பித்தவள் களுக்கென்று சிரித்தாள். கழுத்திலிருந்த டேப்பைப் பார்த்தாள், அதற்கு ஒரு சிரிப்பு. மெஷினைப் பார்த்தாள், அதற்கும். தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அவசரம் அந்தச் சிரிப்பை எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறாள்; உள்ளே இல்லாமல் வெளியே நின்று பார்ப்பது இதுதான் முதல் முறை. பார்க்கப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லடி. என் புள்ள போனது கூட" என்றாள். அப்புறம் அழுதாள். "நான் கேட்ட ஐஸ் இப்படிப் பண்ணியிருக்காதுடி. தண்ணிதானே அது. வெறும் தண்ணி."

மறுநாள் காலையில் அண்ணி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். மேஸ்திரி முன்னால் நங்கென்று வைத்தாள். "ஜன்னலைத் தொறய்யா!" என்று போட்ட சத்தத்தில் தையல் ரூமே எழுந்து வந்து நின்றதாம். "தூசி ஒட்டுமேம்மா" என்று மேஸ்திரி இழுத்திருக்கிறார். "ஒட்டட்டும்! சோலு பிஞ்சா திரும்பத் தைக்கலாம்யா" என்று கத்திவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது என்கிறார்கள். ஆர்டர் நெருக்கடி வந்தால் சாத்திவிடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள்.

நிறுத்துவது என்று சொல்வது சுலபம். அவசரம் பட்ட பாடு நாய் படாது. ஒரு நாள் அண்ணி மேல் டம்ளரை விட்டெறிந்தாள். ஒரு நாள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஒரே ஒரு தடவை என்று. அண்ணி கொடுக்கவில்லை. கேட்டதைக் கொடுக்காமல் இருப்பது அந்த மனுஷிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் டாக்டரம்மாவிடமும் கூட்டிப் போனாள்.

ஒரு மத்தியானம் அண்ணி கொஞ்சம் கண்ணசந்த நேரத்தில் அவசரம் எழுந்து நடந்தாள். எங்கே போகிறோம் என்று காலுக்குத் தெரியும். பட்டறைக்குப் பின்பக்கத் தெருவில் வந்து, ஒட்டுகிற ரூமின் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அன்றைக்குப் பார்த்து சாத்தியிருந்தது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. கதவு நாலு எட்டு வைக்கிற தூரம்தான். போனால் "வாடி அவசரம்!" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவளை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். உலகத்தில் அவள் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் அதுதான், அதுவும் பொய்யா? எல்லாமே அந்த டின்னிலிருந்து வந்ததா? சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்று கேட்டாள். கன்னம் நனைந்து கழுத்து வரைக்கும் இறங்கியது.

திரும்பினால் அண்ணி நிற்கிறாள். தெருவின் எதிர்ப்பக்கம், கழுத்தில் டேப், கையில் ஒரு ஜோடி செருப்பு.

"எப்ப வந்தீங்க?"

"உன் பின்னாடியேதான். வெறுங்காலோட கிளம்பிட்டே, அதான்." செருப்பைக் காலடியில் போட்டாள். "போலாமா?"

போனார்கள்.

பிள்ளை மாசம் முந்தித்தான் பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கைக்குட்டையில் சுருட்டி வைக்கலாம் போல இருந்தது. உயிரோடு இருந்தது. அதே வார்டில் அந்தப் பதினேழு வயசுக்காரிக்கும் பிறந்திருந்தது, கொழுகொழு என்று ஒரு பையன். அவசரத்துக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. "பாக்க நல்லாத்தான் இருக்கான். உள்ள எப்படின்னு வளர வளரத்தான் தெரியும்னு சொல்றாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். அவள் அம்மா இப்போது தூணோரம் நிற்கவில்லை, பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது குழந்தைக்கு நாலு வயது ஆகிறது. எல்லாம் மெதுவாகத்தான். உட்கார்ந்தது மெதுவாக, நடந்தது மெதுவாக. பேச்சு கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வந்திருக்கிறது. அதனாலா என்று கேட்டால் டாக்டரம்மா அதே பழைய பதிலைத்தான் சொல்கிறார், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்கு அதுதான் ராஜாத்தி. அண்ணி தைக்கிற எல்லாத் துணியிலும் மிச்சம் பிடித்து அதற்கொரு கவுன் வந்துவிடும். அவசரம் பட்டறைக்குத் திரும்பவே இல்லை. அண்ணியோடு உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள், ஓரம் மடித்து அடிக்கிறாள். அந்த டப்பா போன நாளிலிருந்து அந்த வாசம் அந்த வீட்டுக்குள் வரவில்லை. குழந்தைக்குக் கூட சொல்யூஷன் படாத ரப்பர் செருப்புதான்.

ஆசை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. அதை விடப் பெரிய ஏக்கம் ஒன்று அவளுக்கு உண்டு, புருஷனிடம் கூடச் சொன்னதில்லை. மூடியைத் திறக்காமலே இருந்திருந்தால் இந்தப் பெண் எப்படி இருந்திருப்பாள்? ஓடியிருப்பாளா, ஓயாமல் வாயடித்திருப்பாளா? பக்கத்து வீட்டுப் பிள்ளை கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தன் அம்மாவை வதைக்கும்போது, கேட்டுக்கொண்டு நிற்பாள். இந்தக் குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறாள். வராமல் போன அந்த இன்னொரு குழந்தையையும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவசரம் கடைக்குப் போக மாட்டேன் என்றாள், அண்ணிதான் போய் வாங்கி வந்தாள். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பளபளவென்று கறுப்பு ஷூ, சோல் ஒட்டி அதிக நாள் ஆகவில்லை. வாசம் கதவோரம் நின்றிருந்த அவசரம் வரைக்கும் வந்தது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை ஒரு ஷூவைக் கையில் எடுத்தது. காலில் போடவில்லை. முகத்தை அதற்குள் வைத்து மெல்ல இழுத்தது. கண் சொக்கியது, தோள் இறங்கியது. எதையோ அடையாளம் கண்டுகொண்ட மாதிரி சிரித்தது. யாரையும் பார்க்காமல், அந்த ஷூவுக்குள்ளேயே, "அம்மா" என்றது.

"உன்னத்தான் கூப்பிடுது, புது ஷூவக் காட்ட" என்றாள் அண்ணி. சொன்னவளின் கை பெட்டி மூடியைத் தேடியது.

அவசரம் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, அதன் முகத்தைத் தன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அம்மா இங்க இருக்கேன்டி. இதோ, இங்க பாரு. இதுதான்டி அம்மா."

குழந்தை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் அவள் பிடியிலிருந்து ஒரு கையை உருவி, ஷூவைப் பார்த்து நீட்டி, அது வேண்டும் என்று அழ ஆரம்பித்தது.